கீழே வைக்க முடியாத வாளி

வாளியைக் கையில் பிடித்தபடியே ஞானாதிக்கம் ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். "வெள்ளைச் சட்டை கொடியில காஞ்சுட்டிருக்குது, அதையாச்சும் போட்டுட்டுப் போங்க, மில்லுச் சட்டையோடவா ஒரு ஊருக்குள்ள போவாங்க" என்று அவர் மனைவி பாக்கியசீலி கரையில் நின்று சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்காமல் "வந்து போட்டுக்கறேன்" என்றார். அன்று சாயப்பட்டறைகள் நீலம் விட்ட நாள். முழங்கால்வரை நீலமாகி எதிர்க்கரை மணலில் ஏறிய அவர், போன வாரம்வரை வேலிக்காத்தான் முள் மட்டுமே நின்ற இடத்தில் இப்போது நின்றுகொண்டிருந்த மதிலை நோக்கி நடந்து, வாசலில் இருந்த இரண்டு பேரிடம் வாளியைக் காட்டி ஏதோ சொல்லி, அவர்கள் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வழிவிட, உள்ளே போனார். கரையில் டீக்கடை போட்டிருந்த ராமாத்தாள், "உள்ள போயிட்டாருங்க" என்றாள், பாக்கியசீலி அதைப் பார்க்கவே இல்லை என்பது போல.

நகரம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காக ஓடக்கரைப்பாளையத்தில் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்த நாளில். விசைத்தறிகள் நின்று ஊர் அமைதியாக இருந்ததால், ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஆட்கள் கூப்பிட்டுக்கொள்வதும் ஏதோ தானியம் இடிபடுவதும் முதலில் காதில் விழுந்தன, பிறகுதான் ஜனங்கள் வந்து பார்த்தார்கள், மதிலையும் கோபுரங்களையும் மதிலுக்கு மேல் எழுந்த அடுப்புப் புகையையும். மாலையில் மின்சாரம் வந்து தறிகள் ஓடத் தொடங்கியதும் சத்தம் மறைந்துபோனது, நகரம் மறையவில்லை. கிழக்குக் கரையில் நின்றால் அது தெரிந்தது. பாலம் வழியாகச் சுற்றி மேற்குக் கரைக்குப் போனவர்கள் முள்ளையும் எடைமேடையையும் ஒரு வாழைத்தோப்பையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், திரும்பி வந்து கிழக்குக் கரையில் நின்றபோது தாங்கள் இப்போதுதான் நடந்துவிட்டு வந்த இடத்தில் ஒரு பெண் மதில்மேல் துணி உலர்த்துவதைப் பார்த்தார்கள். செல்போனில் எடுத்த படங்களில், கரையில் நிற்கும்வரை கோபுரங்கள் இருந்தன, வீட்டுக்குப் போய்க் காட்டினால் முள்தான் இருந்தது. இதைப் பற்றி முதல் இரண்டு நாட்கள் எல்லோரும் பேசினார்கள், மூன்றாம் நாள் நூல் விலை ஏறிவிட்டதால் அதைப் பற்றிப் பேசினார்கள்.

அது எந்த ஊர் என்று சொன்னது மோர்மன் சபைக்காரர்கள். ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற முப்பது குடும்பத்துக்கும் குறைவான சபை, ஆண்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு வருவார்கள், சம்பளம் வாங்குகிற பாதிரியார் கிடையாது, அவர்களில் ஒருவரே தலைவராக இருப்பார், அப்போது ஆயுள் காப்பீட்டு முகவரான பொன்னுத்துரை இருந்தார். அவர்களுடைய வேதத்தில் சாரகெம்லா என்று ஒரு நகரம் வருகிறது, ஆற்றுக்கு மேற்கே, அமெரிக்காவில், வெகுகாலத்துக்கு முன்னால். அதை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. நம்புகிறவர்களுக்குள்ளேயே அது கண்டத்தின் நடுப்பகுதிக் காடுகளில் இருந்தது என்போர் உண்டு, வடக்கே பெரிய ஆற்றங்கரையில் இருந்தது என்போர் உண்டு, நம்பாதவர்கள் அது எங்கேயும் இருந்ததில்லை என்றார்கள். இப்போது அது ஓடக்கரைப்பாளையத்துக்கு எதிரே இருந்தது.

"ஊர்ப் பேரு எங்கியாச்சும் எழுதிப் போட்டிருக்குதுங்களா?" என்று ராமாத்தாள் பொன்னுத்துரையிடம் கேட்டாள்.

"இல்லீங்க."

"அப்பறம் எப்புடித் தெரியும்?"

"ஆத்துக்கு மேக்கால இருக்குதுங்களே."

"எங்க மாமியா வீடுங்கூட மேக்காலதான் இருந்துச்சு" என்றாள் ராமாத்தாள். "அதைத் தேடி ஒருத்தனும் வரலை."

அந்த ஞாயிறு சபையில் பாட்டு சத்தமாக இருந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அவர்களைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் பலர் அழுதார்கள். வகுப்பு நடந்தபோது ஞானாதிக்கம் கை தூக்கி, "இந்த ஊரு எரிஞ்சு போகுமில்லீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் பொன்னுத்துரை, வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது, கர்த்தர் மரிக்கும் நாளில் சாரகெம்லா ஜனங்களோடு எரிந்துபோகும். "அவங்ககிட்ட யாரும் சொல்லலீங்களா?" சொன்னார்கள், ஒரு தீர்க்கதரிசி மதில்மேல் ஏறி நின்று சொன்னார், கல்லும் அம்பும் விட்டார்கள், அவர்மேல் ஒன்றும் படவில்லை, அவர் இறங்கிப் போய்விட்டார். ஞானாதிக்கம் மறுபடி கை தூக்கினார். "சொன்னாரு சரி. மணலு கிணலு ஏதாச்சும் வெச்சுக் குடுத்தாருங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஞானாதிக்கம் சிரிக்கவில்லை, ஏனென்றால் அதுதான் அவர் வேலை. நூற்பு மில்லில் இருபது வருஷமாகத் தீயணைப்பு ஆள் அவர். பஞ்சுத்தூசி பறக்கிற இடத்தில் ஒரு பொறி போதும் என்பதால், தூணுக்குத் தூண் சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி மாட்டி, மழைக்காலத்தில் மணல் இறுகாமல் கிளறிவிட்டு, தொழிலாளிகள் அதில் துப்பிய வெற்றிலையை அள்ளிப் போட்டு, எதுவும் எரியாத நாட்களை ஒவ்வொன்றாகக் கடத்திக்கொண்டிருந்தார். அந்த வாளிகளுக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தட்டையாக இருந்தால் யாராவது குளிக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் எடுத்துப் போய்விடுவார்கள் என்பதற்காக அப்படிச் செய்வது. அந்த வாளியைக் கீழே வைக்க முடியாது, சாய்ந்துவிடும். மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கையிலேயே வைத்திருக்க வேண்டும். ஆகவே அவர் போன அன்று சாயங்காலம் பாக்கியசீலிக்கு வந்த முதல் கவலை, அவர் சாப்பிட்டாரா என்பதுகூட இல்லை, அந்த ஊரில் வாளியை மாட்ட ஓர் ஆணி இருக்குமா என்பதுதான்.

மறுநாள் அவர் மதில்மேல் தெரிந்தார். காக்கிச்சட்டை, கையில் சிவப்பு வாளி. தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுவரைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். சபையார் திரண்டு வந்தார்கள். பொன்னுத்துரை, "சகோதரி, வேதத்துல இருக்கிறாப்பலயே மதில்மேல நிக்கிறாரு பாருங்க, தீர்க்கதரிசி மாதிரி" என்றார்.

"அவரு வாளி மாட்ட இடம் தேடறாருங்க" என்றாள் பாக்கியசீலி.

அவள் அன்றே டிபன் கேரியரோடு ஆற்றில் இறங்கிப் பார்த்தாள். எதிர்க்கரையில் கால் வைத்ததும் முள்தான் இருந்தது. மறுபடி இறங்கினாள், கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள், மில்லில் கேட்டு இன்னொரு சிவப்பு வாளி வாங்கி மணலோடு தூக்கிக்கொண்டும் இறங்கினாள், சேலை கிழிந்ததுதான் மிச்சம். சபை இளைஞர்கள் போனார்கள், போலீஸ்காரர் ஒருவர் போனார், யாருக்கும் வாசல் கிடைக்கவில்லை. "இவங்கெல்லாம் பாக்கப் போறாங்க. அவரு வேலைக்குப் போனாரு" என்றாள் ராமாத்தாள், டீயை ஆற்றிக்கொண்டே. பாக்கியசீலி அவளிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தச் சட்டை தயாராக இருக்க வேண்டும் என்பதால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைத்தாள், யாரும் உடுத்தாத சட்டையில் என்ன அழுக்கு என்று அவள் யோசிக்கவில்லை.

ஊர் நகரத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்துக்கு 'மதில் எதிர்' என்று பெயர் வந்தது. மதிலில் இரவெல்லாம் தீவட்டி எரிந்ததால் ஆற்றோரத் தெருவிளக்குகள் கெட்டுப்போனபோது யாரும் மாற்றவில்லை. கல்யாண ஜோடிகள் கோபுரம் பின்னால் தெரிய நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், படத்தில் முள் வரும் என்று தெரிந்தும். பட்டறைக்காரர்கள் மனைப்பிரிவு போட்டு 'நகரம் பார்த்த மனை' என்று விற்றார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கிழவர் தினமும் வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்துக் கொட்டாவி விடுவார், தறிக்காரர்கள் அதைப் பார்த்து ஷிப்ட் மாற்றினார்கள். ஒருநாள் கிழவர் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை, இரண்டு நாள் ஷிப்ட் குழம்பி பிறகு மின்சங்கு வைத்துவிட்டார்கள்.

கிழவரை வைத்துத்தான் பாக்கியசீலி முதலில் கவனித்தாள். வாசலோரம் நகரம் வந்த அன்று முழங்கால் உயரம் இருந்த ஒரு செடி, ஆடி மாதத்துக்குள் மதிலைத் தாண்டி நிழல் விட்டது. மடியில் இருந்த பிள்ளைகள் ஓடினார்கள், ஓடியவர்கள் மீசையோடு காவலுக்கு நின்றார்கள். மதிலில் இப்போது ஒரு வாளி இல்லை, வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன, மண்பானைகளுக்குச் சிவப்பு பூசிக் கயிறு கட்டி மாட்டியிருந்தார் போலும். அவற்றுக்கு நடுவில் காக்கி போய் வேறு ஏதோ துணி உடுத்தியிருந்த ஞானாதிக்கத்துக்குத் தலை நரைத்துக்கொண்டு வந்தது. அங்கே காலம் அவசரத்தில் இருந்தது.

அதற்குள் அறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர், ஒருவர் காடுகளில் என்கிறவர், ஒருவர் பெரிய ஆறு என்கிறவர். ராமாத்தாள் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில், வெயில் கண்ணில் அடிக்கிறது என்பதால் நகரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலையிலிருந்து மாலைவரை வாதாடினார்கள். கடல்கொண்ட தமிழ் நகரங்களைப் பற்றி ஆராய்கிற புலவர் மணிமொழியன் வந்து, வாசலின் அமைப்பைப் பார்த்தால் இது நம்முடையது என்றார், அந்தக் கிழவர் கொட்டாவி விட்டதுகூடத் தமிழர் முறையில் என்றார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, அந்தச் சர்வே எண்ணில் ஆற்றுப் புறம்போக்கு இருக்கிறது, கட்டடம் எதுவும் இல்லை, ஆகவே ஆக்கிரமிப்பும் இல்லை என்று எழுதிக்கொண்டார். நால்வரும் ஒருவரை ஒருவர் மறுத்தார்கள், டீ மட்டும் சேர்ந்து குடித்தார்கள்.

பாக்கியசீலி அவர்கள் முன்னால் போய் நின்றாள். பொன்னுத்துரை மொழிபெயர்த்தார்.

"இது அந்த ஊருதானுங்களா?"

அதைத்தான் ஆராய்கிறோம் என்றார்கள்.

"அந்த ஊருதான்னு வெச்சுக்கங்க. எரியறதுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்குது?"

அந்த இருவரும் முதல்முறையாகத் திரும்பி நகரத்தைப் பார்த்தார்கள். இடம் முடிவாகாமல் காலத்தைச் சொல்ல முடியாது என்றார் ஒருவர். காலம் முடிவாகாமல் இடத்தைச் சொல்ல முடியாது என்றார் மற்றவர். பாக்கியசீலி புலவரைப் பார்த்தாள். "தமிழ் நகரம் எரியாதும்மா," என்றார் புலவர் ஆதரவாக, "கடல்தான் கொள்ளும்."

"அவருக்கு நீச்சலும் தெரியாதுங்க" என்றாள் அவள்.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையார் உபவாசம் இருந்து, ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் அறிந்த சத்தியத்துக்குச் சாட்சி சொல்வது வழக்கம். இது மெய் என்று அறிவேன் என்பார்கள், நம்புகிறேன் என்று சொல்வதில்லை. நகரம் வந்ததிலிருந்து சாட்சி சொல்ல வரிசை நின்றது, கண்ணால் கண்டதைச் சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. கார்த்திகை மாத உபவாச ஞாயிறன்று பாக்கியசீலி எழுந்தாள். வெறும் வயிற்றில் குரல் மெலிந்திருந்தது.

"வேதம் மெய்னு நான் அறிவேன்," என்றாள். "சின்ன வயசுலயே எங்கப்பாகிட்ட அடி வாங்கிட்டுத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். அதுல எழுதினது நடக்கும்னு எனக்குத் தெரியும். அதனால அக்கரையில நிக்கிறது அந்த ஊரா இருக்கக் கூடாதுன்னு நான் உபவாசம் இருக்கேன். வேற எந்த ஊரா வேணா இருக்கட்டும். புலவரு சொல்ற ஊரா இருந்தாலும் சரி. ஒண்ணுமே இல்லைன்னு ஆபீசர் எழுதினாரே, அதுவா இருந்தாலும் சரி."

உட்கார்ந்தாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பின்வரிசையில் ஒரு பெண், "புருஷனுக்காகப் பொய்யா இருக்கணும்னு வேண்டலாமா?" என்று பக்கத்தில் கேட்டாள், பக்கத்தில் இருந்தவள், "உன் புருஷன் போயிருந்தா நீ நிம்மதியாத் தூங்குவே" என்றாள். பொன்னுத்துரை மேடையில் எழுந்து நின்று பாட்டு எண்ணைச் சொன்னார்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் சூரியன் மறைந்தும் எதிர்க்கரை இருட்டவில்லை. மதிலுக்கு மேல் உச்சிப்பொழுதின் வெளிச்சம் அப்படியே நின்றது, அங்கே ஜனங்கள் தெருவில் வந்து ஆகாயத்தைப் பார்த்து மண்டியிட்டார்கள், இங்கே அந்த வெளிச்சத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், பெரியவர்கள் விடிய விடிய நெல் தூற்றினார்கள். சபையாருக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது. கர்த்தர் பிறந்ததற்கு அடையாளமாக இருளில்லாத ஓர் இரவு அந்த நகரத்துக்கு வரும் என்று எழுதியிருக்கிறது, அதற்குப் பிறகு அவர் முப்பத்து மூன்று வருஷம் உயிரோடு இருப்பார். இனி அது எந்த ஊர் என்பதில் சந்தேகம் இல்லை. பொன்னுத்துரை, இத்தனை நாள் காத்திருந்த அந்த நிச்சயம் வந்த இடத்தில், ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே முப்பத்து மூன்று வருஷம் என்பது இங்கே மாசி தாண்டாது என்று அவர் செடியை வைத்துக் கணக்குப் பார்த்திருந்தார். பாக்கியசீலியும் பார்த்திருந்தாள்.

தை மாத மின்தடை நாளில் தறிகள் நின்றதும் அவள் கரைக்குப் போனாள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அக்கரைச் சத்தம் கேட்கும். மதில்மேல் ஒரு கிழவராக ஞானாதிக்கம் இளைஞர்களிடம் கத்திக்கொண்டிருந்தார், அவர்கள் மொழியில், நடுவில் நம் மொழியில், "மணலுக் கிளறுங்கடா, இறுகிப்போச்சு பாரு" என்று. குரல் அப்படியே இருந்தது. அவள் கையைக் குவித்துக் கூப்பிட்டாள்.

"என்னுங்க! வந்துருங்க! எல்லாரையும் கூட்டிட்டு வந்துருங்க, ஆத்துல தண்ணி முழங்காலுக்குத்தான் இருக்குது!"

அவர் காதில் விழவில்லை. ராமாத்தாள் கடையை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்று தானும் கூப்பிட்டாள், "அண்ணோவ்" என்று, அவளுக்கு நல்ல குரல். டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் வந்தார்கள், புலவர்கூட வந்தார், எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அவர் ஒரு தரம் நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் இந்தக் கரையில் என்ன தெரியுமோ, அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாய்ந்திருந்த ஒரு பானையைக் கயிற்றில் நேராக்கினார். மின்சாரம் வந்தது.

நகரம் பார்க்க வந்த வாகனங்களின் நெரிசலில் பாலத்தருகே ஒரு விபத்து நடந்தது. அதற்குப் பிறகு ஓர் அரசுக் குழு வந்தது. குழு மேற்குக் கரையில் நின்று முள்ளைப் பார்த்தது, கிழக்குக் கரையில் நின்று நகரத்தைப் பார்த்தது, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இருப்பது இருப்பதாகக் கொள்ளத்தக்கதல்ல என்று அறிக்கை கொடுத்தது. ஆற்றோரம் முழுக்க ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகத் தகரம் அடைத்துவிட்டார்கள். ஊரில் பெரிய எதிர்ப்பு இல்லை, பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் 'தகரம்' என்று பெயர் மாறியது. வெளிநாட்டுக்காரர்கள் இருவரும் ஒரே விமானத்தில் போனார்கள். ராமாத்தாள் கடையைப் பஸ் நிறுத்தத்துக்கு மாற்றிக்கொண்டாள். பாக்கியசீலி ஆணித்துளை ஒன்றைக் கண்டுபிடித்து அதில் கண்ணை வைத்தாள். துளையில் மதிலின் ஒரு துண்டு தெரிந்தது, அதில் ஒரு சிவப்புப் பானை இருந்தது, அவ்வளவுதான். அந்த வாரமே சாயப்பட்டறை விளம்பரத்துக்காகத் தகரத்துக்குப் பெயின்ட் அடித்தபோது துளை அடைந்துபோனது. தகரத்துக்குப் போட்டிருந்த காவலாளி, "அங்க ஒண்ணும் இல்லீங்கக்கா, எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க, மூஞ்சி கறுத்துப்போச்சு" என்று தன் ஸ்டூலைக் கொடுத்தார். அவள் அதில் தகரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தகரத்துக்கு மேல் புகை எழுந்தது. ஏற்றுமதி ஆர்டர் அவசரத்தில் இருந்ததால் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன, வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தகரம் சூடானதாகவும் புதுப் பெயின்ட் கொப்பளித்ததாகவும் காவலாளி பிறகு சொன்னார், வெயிலாக இருக்கும் என்றும் அவரே சொன்னார். அக்கரையில் யாரோ கழிவுப் பஞ்சைக் கொளுத்துகிறார்கள் என்றார்கள், கரும்புத் தோகை என்றார்கள், சபையார் மேல்மாடியில் கூடி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார்கள், பொன்னுத்துரைக்குப் பதிலாக வேறொருவர் ஆரம்பித்துவைத்தார். ராமாத்தாள் பஸ் நிறுத்தத்திலிருந்து பாக்கியசீலி வீடுவரை ஓடி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். பாக்கியசீலி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் காற்று திரும்பி ஊருக்குள் சாம்பல் விழுந்தது. மெல்லிய, வெளிர்ச் சாம்பல், எந்த மரத்துடையதென்று சொல்ல முடியாத வாசனையோடு. தெரு முழுக்கக் கொடிகளில் துணி கிடந்தது, பெண்கள் முணுமுணுத்தபடி வந்து ஒவ்வொரு துணியாக எடுத்துப் பட் பட்டென்று உதறினார்கள், மறுபடி துவைக்கணும் என்றார்கள், தண்ணீர் நாளைக்குத்தான் வரும் என்றார்கள், ராமாத்தாளும் உதவிக்கு வந்து பாக்கியசீலியின் போர்வையை எடுத்து உதறிக் கொடுத்தாள். பாக்கியசீலி வெள்ளைச் சட்டையின் கிளிப்புகளைக் கழற்றினாள், தோளிலும் காலரிலும் சாம்பல் படிந்திருந்தது, அதை உதறாமல் கையிலேயே வைத்து, சட்டைக் கைகளை உள்பக்கம் மடக்கி, இரண்டாக மடித்து, உள்ளே கொண்டுபோய் பீரோவில் வைத்தாள்.